காரை ஏற்றிச் செல்ல டிரெய்லர் வாங்குவது எப்படி: எடைக் கணக்கு முதல் முதல் பயணம் வரை

டிரெய்லர் வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் டிரெய்லரைப் பார்க்கிறார்கள், கணக்கைப் பிறகு போடுகிறார்கள். பலகை புதிதாக இருக்கிறது, பெயின்ட் பளபளக்கிறது, கார் ஏறி நிற்க நீளமும் இருக்கிறது, சரி எடுத்துவிடலாம் என்று தோன்றிவிடும். என் முதல் டிரெய்லரை நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டாவது பயணத்தில் ஓர் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் வரம்பை 200 கிலோ தாண்டியிருந்தது தெரிந்தது. அத்தனை நாள் எதுவும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி ஒரு தாளிலும் பேனாவிலும் தொடங்குகிறது. டிரெய்லர் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

முதல் படி: நான்கு எண்களை எழுதுங்கள்

முதல் எண், ஏற்றப்போகும் காரின் உண்மையான எடை. கையேட்டில் இருப்பது வெறும் வண்டியின் எடை. டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, கருவிப் பெட்டி, கூடுதல் சக்கரங்கள், நிரம்பிய டேங்க் எல்லாம் சேர்ந்தால் 100 முதல் 200 கிலோ ஏறிவிடும். முடிந்தால் ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது எண், டிரெய்லரின் காலி எடை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். டிரெய்லரின் தகட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று பொறித்திருக்கும் எண், டிரெய்லரும் சுமையும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. விற்பவர் "இது மூன்று டன் டிரெய்லர்" என்றால் மூன்று டன் ஏற்றலாம் என்று பொருள் இல்லை. அதில் காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணமாக 3,175 கிலோ வரம்புள்ள இரண்டு டிரெய்லர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று திறந்த தட்டு, காலி எடை 850 கிலோ. அதில் 2,325 கிலோ ஏற்றலாம். இன்னொன்று நான்கு பக்கமும் மூடிய பெட்டி, காலி எடை 1,600 கிலோ. அதில் ஏற்றலாம் என்பது 1,575 கிலோதான். தகட்டில் ஒரே எண், ஆனால் 1,500 கிலோ காரும் 150 கிலோ சாமானும் முதலாவதில் தாராளமாகப் போகும், இரண்டாவதில் வரம்பை மீறிவிடும்.

மூன்றாவது எண், இழுக்கும் வண்டியின் இழுவை வரம்பு. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண்ணும் பிரேக் இல்லாததற்கு அதைவிட மிகக் குறைவான ஓர் எண்ணும் கையேட்டில் தனித்தனியாக இருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். கார், சாமான், திறந்த டிரெய்லர் மூன்றும் சேர்ந்து நம் உதாரணத்தில் 2,500 கிலோ. என் வழக்கம், வரம்பில் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது. அப்படியானால் 2,500 கிலோவை இழுக்கக் குறைந்தது 3,125 கிலோ வரம்புள்ள வண்டி வேண்டும். ஏற்றத்திலும், எதிர்க்காற்றிலும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போதும் அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

நான்காவது எண்ணைத்தான் யாரும் கேட்பதில்லை. டிரெய்லரின் மூக்கு, இழுக்கும் வண்டியின் ஹிட்ச் பால் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) மீது கீழ்நோக்கி அழுத்தும் எடை அது. டங் வெயிட் என்பார்கள். ஹிட்ச் தாங்கும் வரம்புக்குள் அது இருக்க வேண்டும். அதோடு, வண்டியே சுமக்கும் சுமையாகவும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். டங் வெயிட் 250 கிலோ, உள்ளே நான்கு பேர் 300 கிலோ, பைகள் 50 கிலோ என்றால் வண்டியின் முதுகில் 600 கிலோ ஏறிவிட்டது. இழுவை வரம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பல வண்டிகளில் முதலில் நிரம்பிவிடுவது இந்தச் சுமை வரம்புதான்.

இரண்டாவது படி: எந்த வகை

மிக எளியது டாலி. காரின் முன்சக்கரங்கள் மட்டும் அதன் மேல் ஏறி நிற்கும், பின்சக்கரங்கள் ரோட்டில் உருளும். மலிவு, எடை குறைவு, ஒரு மூலையில் நிறுத்திவிடலாம். முன்சக்கர இழுவைக் காருக்கு இது போதும். பின்சக்கர இழுவைக் காரை அப்படி இழுத்தால் எஞ்சின் ஓடாமலே கியர்பாக்ஸின் உள்பகுதி சுழலும். ஆட்டோமேட்டிக் கியராக இருந்தால் எஞ்சின் ஓடும்போது மட்டுமே உள்ளே எண்ணெய் பாயும் என்பதால் கியர்பாக்ஸ் காய்ந்து கெட்டுப்போகும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டை, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டியிருக்கும். நான்கு சக்கர இழுவைக் காருக்கு டாலி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, டாலியோடு ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். மடங்கும் இடங்கள் இரண்டு இருப்பதால் சில அடிகளிலேயே கோணிக்கொள்ளும்.

திறந்த தட்டு டிரெய்லர்தான் பெரும்பாலோருக்குச் சரி. மூடிய பெட்டி, மழையும் கல்லும் படக்கூடாத காருக்கும் கருவிகளைப் பூட்டி வைக்க வேண்டியவர்களுக்கும். ஆனால் அதன் சுவர்கள் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. பக்கவாட்டுக் காற்றில் தள்ளும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். சாயும் தட்டு என்று ஒரு வகை இருக்கிறது. தட்டே பின்பக்கம் சாய்ந்து தரையைத் தொடும், ராம்ப் (கார் ஏறும் சாய்வுப் பலகை) தேவையில்லை. தாழ்வான கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மூன்றாவது படி: அளவும் ஏறும் கோணமும்

நீளத்தைக் காருக்குச் சரியாக அளவெடுத்து வாங்காதீர்கள். காரை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்த அரை மீட்டராவது இடம் வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அகலத்தில் ஒரு பொறி உண்டு. கார் டிரெய்லர்களில் இரண்டு பக்க மட்கார்டுகளுக்கு இடையே இருப்பது சுமார் 2.1 மீட்டர். 1.8 மீட்டர் அகலக் கார் ஏறினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு சாணுக்கும் குறைவு. கதவின் அடி மட்கார்டில் இடிக்கும், ஏற்றியவர் இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கழற்றக்கூடிய மட்கார்டு இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் ஜன்னல் வழி, அல்லது வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) வைத்து ஆளில்லாமல் இழுத்து ஏற்றுவது. பார்க்கப் போகும்போது உங்கள் காரின் கதவு அடி தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்துகொண்டு போங்கள்.

அடுத்தது ராம்ப். தட்டு தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், ராம்ப் 1.5 மீட்டர் நீளம் என்றால் ஏறும் கோணம் ஏறக்குறைய 24 டிகிரி. சாதாரணக் காரின் முன்பம்பர்கூட அதில் உரசும். அதே தட்டுக்கு 2.4 மீட்டர் ராம்ப் வைத்தால் 14.5 டிகிரி, 3 மீட்டர் என்றால் 11.5 டிகிரி. தட்டின் பின்முனை கீழ்நோக்கி வளைந்து, கடைசி விளிம்பு 50 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி செய்த டிரெய்லரில் 2.4 மீட்டர் ராம்ப்பே 12 டிகிரிக்கு வந்துவிடும். முன்பம்பர் தப்பினாலும் ராம்ப் முடிந்து தட்டு தொடங்கும் முனையில் காரின் வயிறு தட்டும், அதையும் பாருங்கள். விற்பவரிடம் கேட்டு உங்கள் காரையே ஒரு முறை ஏற்றிப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஏற்றும்போது ஒரு விஷயம். காரின் முன்சக்கரங்கள் தட்டின் பின்விளிம்பில் ஏறும் நொடியில் டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பும், இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். ஹேண்ட்பிரேக் பிடித்திருப்பது பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான். அவை லேசாகிவிட்டால் வண்டி நகர ஆரம்பிக்கும். அதனால் பின்பக்கம் முட்டுக்கால் உள்ள டிரெய்லராகப் பாருங்கள், இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

நான்காவது படி: ஆக்சில், டயர்

கார் ஏற்ற இரட்டை ஆக்சில்தான் என் பரிந்துரை. ஒரு டயர் வெடித்தாலும் மற்றது தாங்கிப் பிடிக்கும், ஓட்டமும் நிதானமாக இருக்கும். வட அமெரிக்காவில் பரவலாக இருப்பது 3,500 பவுண்டு ஆக்சில் இரண்டு, சேர்த்து 7,000 பவுண்டு, நம் கணக்கில் 3,175 கிலோ. லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டை வில்) வைத்த இரட்டை ஆக்சிலில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமன் தகடு எடையைப் பகிர்ந்துகொடுக்கும். பட்டை வில் இல்லாமல் ஆக்சிலுக்குள்ளேயே முறுக்கி அதிர்வைத் தாங்கும் டார்ஷன் ஆக்சில் மென்மையாக ஓடும், தட்டும் தாழ்வாக அமையும். ஆனால் அதில் அந்தப் பகிர்வு இல்லை. டிரெய்லர் முன்னாலோ பின்னாலோ சாய்ந்து நின்றால் ஒரு ஆக்சிலே பெரும்பாகத்தைச் சுமக்கும். டார்ஷன் வாங்கினால் ஹிட்ச் உயரத்தைத் தட்டு மட்டமாக நிற்கும்படி அமைத்தே ஆக வேண்டும்.

டயரில் பூ தேய்வதற்கு முன்பே வயது முடிந்துவிடும். டிரெய்லர் மாதக்கணக்கில் வெயிலில் நிற்பதுதான் காரணம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றும் செலவைச் சேர்த்தே பேரம் பேசுங்கள். எஸ்.டி. (ஸ்பெஷல் டிரெய்லர்) என்று எழுத்துள்ள டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு உச்ச வேகம் மணிக்கு 105 கி.மீ. காருக்குப் போடும் டயரை அதே அளவு என்று மாட்டிவிடக் கூடாது. டயர் தாங்கும் எடை வேறு. ஸ்டெப்னி இல்லாமல் வெளியூர் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

ஐந்தாவது படி: பிரேக்

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் வரம்புள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் எடை மாறும். சட்டம் எங்கே எப்படி இருந்தாலும், காரை ஏற்றும் டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும், இரட்டை ஆக்சில் என்றால் நான்கு சக்கரத்திலும் வேண்டும்.

இரண்டு வகை பரவலாக இருக்கிறது. எலெக்ட்ரிக் பிரேக்கில் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும், ஓட்டுநர் அருகே ஒரு கண்ட்ரோலர் அதை இயக்கும். நீங்கள் அழுத்தும் அளவுக்கேற்ப டிரெய்லரும் பிடிக்கும் வகை கண்ட்ரோலராக வாங்குங்கள். அதில் இருக்கும் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க முடியும், அது உயிர்காக்கும் வசதி. இன்னொரு வகை ஓவர்ரன். இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையே பிரேக்கைப் பிடிக்க வைக்கும். கண்ட்ரோலர் வேண்டாம், எந்த வண்டியிலும் மாட்டலாம். வெவ்வேறு வண்டிகளில் இழுப்பவர்களுக்கு இது வசதி. தனியாகப் பிடிக்க மட்டும் முடியாது.

டிரெய்லர் கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் வகையில் அது ஒரு சிறு பேட்டரியும், இழுக்கும் வண்டியோடு கம்பியால் கட்டிய ஒரு பின் ஊசியும். டிரெய்லர் கழன்றால் ஊசி பிடுங்கிக்கொண்டு பிரேக் பிடிக்கும். அந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு டிரெய்லரை லேசாக இழுத்துப் பாருங்கள், சக்கரம் உருளக் கூடாது. உருண்டால் பேட்டரி செத்திருக்கும்.

ஆறாவது படி: கப்ளர், சங்கிலி, பிளக்

ஹிட்ச் பாலின் அளவு, அதைக் கவ்வும் டிரெய்லர் மூக்கின் கிண்ணமான கப்ளரில் பொறித்திருக்கும் அளவேதான் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 50 மி.மீ., அமெரிக்காவில் 2 அங்குலம் பரவலான அளவு. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. முக்கால் மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அந்த இடைவெளியில் குதித்துக் குதித்துத் தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். பிளக், நான்கு பின் என்றால் விளக்குகள் மட்டும்தான். எலெக்ட்ரிக் பிரேக்குக்கு ஏழு பின் வேண்டும்.

ஏழாவது படி: கார் எங்கே நிற்க வேண்டும்

நீளத்தில் அரை மீட்டர் கூடுதல் கேட்டது இதற்காகத்தான்.

ஒருமுறை எஞ்சினும் கியர்பாக்ஸும் கழற்றிய கார் ஒன்றை ஏற்றினோம். வழக்கமாக அதே காரை நிறுத்தும் இடத்திலேயே, பலகையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டில் நிறுத்தினேன். கழற்றிய கியர்பாக்ஸைப் பத்திரமாக இருக்கட்டும் என்று டிக்கியில் வைத்துக் கட்டினோம். ஒரு நீண்ட இறக்கத்தில், மணிக்கு 75 கி.மீ. வேகத்தில், கண்ணாடியில் டிரெய்லரின் இடது மட்கார்டு தெரிந்தது. அடுத்த நொடி வலது மட்கார்டு. மறுபடி இடது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன், பிரேக் பெடலைத் தொடவில்லை, கண்ட்ரோலரின் கைப்பிடியை மெல்ல அழுத்தினேன். டிரெய்லர் பின்னால் இருந்து இழுத்துப் பிடித்தது போல நேரானது. ஓரம் கட்டி இறங்கியபோது கால் நடுங்கியது. கியர்பாக்ஸை எடுத்துத் தட்டின் முன்முனையில் கட்டி, காரை ஒன்றரைச் சாண் முன்னால் நகர்த்தினோம். அதற்குப் பிறகு வீடு சேரும்வரை ஆடவே இல்லை.

நடந்தது எளிய கணக்கு. முன்பக்கம் இருந்த 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை போய்விட்டது, அதில் ஒரு பகுதி பின்னால் போய் உட்கார்ந்தது, மூக்கின் எடை குறைந்தது. மூக்கு லேசானால் டிரெய்லர் வால் ஆட்டும்.

இதை முன்கூட்டியே கணக்கிடலாம். காரின் எடை மையம் டிரெய்லர் ஆக்சில்களின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அதைக் காரின் எடையால் பெருக்கி, ஹிட்ச் பாலிலிருந்து ஆக்சில் நடுவரை உள்ள தூரத்தால் வகுங்கள். 1,500 கிலோ கார், மையம் அரை மீட்டர் முன்னால், தூரம் 4 மீட்டர் என்றால் சுமார் 187 கிலோ. காலி டிரெய்லரின் மூக்கு எடை 80 சேர்த்தால் 267. அதே காரை வெறும் 10 செ.மீ. நகர்த்தினால் 37 கிலோ மாறும். ஓர் உள்ளங்கை அகலம் அவ்வளவு வேலை செய்கிறது.

எவ்வளவு இருக்க வேண்டும்? வட அமெரிக்க வழக்கில் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பியக் கார்களில் ஹிட்ச் பால் தாங்குவதே பல வண்டிகளில் 75 அல்லது 100 கிலோ என்று இருப்பதால் அங்கே அதைவிடக் குறைந்த பங்கிலேயே இழுக்கிறார்கள், வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் தனி அனுமதி இல்லாவிட்டால் டிரெய்லரோடு போகும் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள எண்தான் முடிவானது.

வீட்டிலேயே அளக்க ஒரு வழி. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒரு தடித்த பலகையின் ஒரு முனையை இரும்புக் குழாய் மேலும், 120 செ.மீ. தள்ளி மறுமுனையைக் குளியலறை எடைக்கருவி மேலும் வையுங்கள். டிரெய்லரின் மூக்குக் காலைக் குழாயிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பலகை மேல் இறக்குங்கள். தட்டு மட்டமாக இருக்கட்டும். பலகையின் எடையைக் கழித்தபின் கருவி காட்டுவதை நான்கால் பெருக்கினால் மூக்கின் எடை. 62 காட்டினால் 248 கிலோ. சரியான இடம் கிடைத்ததும் சக்கரத்துக்கு முன்னால் பலகையில் ஒரு கோடு போடுங்கள், அந்தக் காருக்கு மட்டும்.

எட்டாவது படி: கட்டும் வளையங்கள்

டிரெய்லரில் நான்கு வளையமாவது சட்டத்தோடு வெல்டிங் செய்ததாக இருக்க வேண்டும். பலகையில் திருகிய வளையத்தை நம்பாதீர்கள். காரைக் கட்டும் பட்டையான ஸ்ட்ராப்பில் இரண்டு எண் எழுதியிருக்கும், அறுந்துபோகும் எடை பெரிதாக, வேலை எடை (பயன்படுத்தும்போது தாண்டக் கூடாத எடை) சிறிதாக. பொதுவாக வேலை எடை மற்றதில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எண்ணை. காரின் டயர் மேல் சுற்றிக் கட்டும் வகை எனக்குப் பிடித்தது. காரின் சஸ்பென்ஷன் தன் பாட்டுக்கு மேலும் கீழும் ஆடும், ஸ்ட்ராப் தளராது. ஆக்சிலில் சுற்றுவதானால் பிரேக் குழாயை நசுக்காமல் பாருங்கள்.

ஒன்பதாவது படி: பழைய டிரெய்லரைச் சோதிப்பது

கீழே படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தொங்கும் தாங்கிகளின் வெல்டிங், மூக்குச் சட்டம் முதல் குறுக்குச் சட்டத்தைச் சந்திக்கும் இடம், இந்த இரண்டிலும்தான் விரிசல் வரும். பழைய சட்டத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், இறங்கினால் உளுத்துவிட்டது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் பேரிங் போய்விட்டது. அது சின்னச் செலவு. டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அது பெரிய செலவு. தகட்டில் உள்ள எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தகடே இல்லாத டிரெய்லரை நான் தொடுவதில்லை, வரம்பு தெரியாத வண்டியில் எடைக் கணக்குப் போட முடியாது.

பத்தாவது படி: முதல் பயணம்

ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்து கண்ட்ரோலரைச் சரிசெய்யுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடக் கூடாது, பிடிக்காமலும் இருக்கக் கூடாது. பிறகு கிளம்பி, 15 அல்லது 20 கி.மீ. போனதும் நிறுத்துங்கள். ஸ்ட்ராப் எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இறுக்குங்கள். 80 கி.மீ. தாண்டியதும் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரெய்லரைச் சுற்றி வந்து, சக்கரங்களின் நடுப்பகுதியான நான்கு ஹப்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் போகலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கே பேரிங் காய்ந்திருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.